கிளிங்கான்களும் ஆற்காட்டு நவாபும்

ஸ்டார் ட்ரெக் பார்க்காதவர்களுக்காக முதலில் ஒரு சின்னக் கதைச்சுருக்கம். பார்த்தவர்கள் நாலு பத்தி தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 'ரிடெம்ப்ஷன்' என்று இரண்டு பாகமாக ஒரு கதை வரும். முதல் பாகம் 1991 ஜூனில் ஒளிபரப்பானது, இரண்டாவது அதே வருடம் செப்டம்பரில். கிளிங்கான் என்றொரு வீர இனம். அவர்களுக்கு ஒரு பெரிய சாம்ராஜ்யம். பழைய தலைவர் செத்துப்போய்விட்டார். கௌரான் என்பவர் தலைவராகப் பதவியேற்க வேண்டும். ஆனால் டுராஸ் குடும்பம் விடுவதாக இல்லை. செத்துப்போன டுராஸுக்கு டோரல் என்று ஒரு மகன் இருக்கிறான், முறைப்படி பிறந்தவன் இல்லை, சின்னப் பையன். அவனைக் கொண்டுவந்து சபையில் நிறுத்தி, இவனுக்குத்தான் உரிமை என்கிறார்கள் டுராஸின் சகோதரிகள் இருவரும். சபை இரண்டாகப் பிரிகிறது. உள்நாட்டுப் போர்.

இந்த நேரத்தில் அங்கே போய் நிற்கிறது என்டர்பிரைஸ் விண்கப்பல். அதன் கேப்டன் பிக்கார்டுக்கு இரண்டு தலைவலி. ஒன்று, கிளிங்கான் சாம்ராஜ்யம் அவருடைய கூட்டமைப்புக்கு நட்பு நாடு. கௌரான் வந்து, உதவிக்கு வாருங்கள் என்று கேட்கிறார். இரண்டு, கூட்டமைப்பின் கப்பல்களுக்கெல்லாம் ஒரு முதல் விதி உண்டு: அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் தலையிடக் கூடாது. டுராஸ் குடும்பத்துக்குப் பின்னால் ரோமுலன் என்ற எதிரி நாடு ஒளிந்துகொண்டு ஆயுதம் கொடுக்கிறது என்ற சந்தேகம் வேறு. சந்தேகம்தான், சாட்சி இல்லை.

பிக்கார்ட் என்ன செய்கிறார்? கௌரானுக்குப் படை அனுப்ப மறுக்கிறார். கப்பலிலேயே வேலை பார்க்கும் கிளிங்கான் அதிகாரி வோர்ஃப், வேலையை ராஜினாமா செய்துவிட்டுத் தன் மக்களோடு சேர்ந்து சண்டை போடப் போய்விடுகிறார். பிக்கார்ட் எல்லையில் கப்பல்களை வரிசையாக நிறுத்தி, ரோமுலன்கள் திருட்டுத்தனமாக ஆயுதம் கொண்டுவருவதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார். அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்த உதவி நின்றதும் டுராஸ் கட்சி சரிந்துவிடுகிறது.

நல்ல கதை. ஆனால் பாண்டிச்சேரியில் வளர்ந்த எனக்கு இதைப் பார்க்கும்போது வேறு ஒன்றுதான் ஓடியது. பிக்கார்ட் கதைப்படி ஒரு பிரெஞ்சுக்காரர். தூர தேசத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கி, அந்நிய சாம்ராஜ்யம் ஒன்று வாரிசுச் சண்டையில் உடையப்போகும் நேரத்தில், "நான் யார் பக்கம்?" என்று யோசித்த நிஜப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் நம்ம ஊரில் இருந்தாரே! கடற்கரைச் சாலையின் தெற்குப் பக்கம் சிலையாக நிற்கிறாரே, டூப்ளே, அவர்தான். பிக்கார்டுக்கு எழுதி வைத்த விதி இருந்தது. டூப்ளேவுக்கு அப்படி எதுவும் இல்லை. என்ன நடந்தது என்று பார்ப்போம்.

முதலில் சாம்ராஜ்யம். 1707ல் ஔரங்கசீப் இறந்த பிறகு முகலாய அரசு பெயருக்குத்தான் இருந்தது. 1739ல் நாதிர்ஷா டில்லியைச் சூறையாடிவிட்டுப் போனான். காகிதத்தில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மேலே டில்லி பாதுஷா. அவருக்குக் கீழே தக்காணத்துக்கு நிஜாம். நிஜாமுக்குக் கீழே ஆற்காட்டு நவாப். நவாபின் நிலத்தில், கடலோரத்தில், அனுமதி வாங்கிக் கடை போட்டவர்கள் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனி, சென்னையில் இங்கிலீஷ் கம்பெனி. சட்டப்படி பார்த்தால் இரண்டு பேரும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் மாதிரிதான்.

1740 மே மாதம் மராட்டியர் படை வந்தது. தாமல்செருவு கணவாயில் நடந்த சண்டையில் நவாப் தோஸ்த் அலி செத்துப்போனார். அவருடைய குடும்பமும், மருமகன் சந்தா சாகிப்பின் மனைவி மக்களும் ஓடிவந்து அடைக்கலம் கேட்டது எங்கே என்று நினைக்கிறீர்கள்? பாண்டிச்சேரியில். அப்போது கவர்னர் டூப்ளே இல்லை, அவருக்கு முந்தைய துய்மா. கோட்டைக் கதவைத் திறந்து உள்ளே விட்டார். மராட்டியத் தளபதி ரகுஜி போன்ஸ்லே அவர்களை ஒப்படைக்கச் சொல்லி மிரட்டியபோது முடியாது என்றார். ரகுஜி திரும்பிப் போய்விட்டார். அடுத்த வருடம் திருச்சியில் சந்தா சாகிப்பைப் பிடித்து சதாராவுக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். துய்மா செய்தது தலையீடுதான். ஆனால் யாராவது அதைத் தப்பென்று சொல்வோமா? அடைக்கலம் என்று வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது நம் ஊர் வழக்கத்தில் பெரிய பாவம். அதற்கு நன்றியாக துய்மாவுக்கு நவாப் பட்டமும் மரியாதைகளும் கிடைத்தன. அந்தப் பட்டம் அடுத்து வந்த கவர்னருக்கும் போனது. 1742ல் டூப்ளே வந்து உட்கார்ந்தபோது, பிரெஞ்சு வியாபாரக் கம்பெனியின் கவர்னர் ஏற்கனவே முகலாய அரசின் ஒரு நவாபும்கூட. வாடகைக்கு வந்தவரின் பெயர் குடும்ப அட்டையில் ஏறிய மாதிரி.

ஆற்காட்டில் ரத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. தோஸ்த் அலியின் மகன் சப்தர் அலி 1742ல் வேலூரில் சொந்த மைத்துனனாலேயே கொல்லப்பட்டார். அவருடைய சின்ன மகன் 1744ல் கொல்லப்பட்டான். நிஜாம் பார்த்தார், தன் ஆள் அன்வாருதீனை நவாபாக்கினார். பழைய நவாப் குடும்பத்துக்கு ஆற்காடு போய்விட்டது. ஆனால் அந்தக் குடும்பத்தின் மருமகன் உயிரோடு சிறையில் இருந்தார், அவர் மனைவி மக்கள் பாண்டிச்சேரியில் இருந்தார்கள். டுராஸ் வீட்டுப் பையன் எங்கே வளர்ந்தான் என்று கேட்டால், இந்தக் கதையில் அதற்குப் பதில் நம்ம ஊர்.

பிறகு 1746. ஐரோப்பாவில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை. பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். என் நாட்டில் நீ யார் ஊர் பிடிக்க என்று அன்வாருதீன் தன் மகன் மாபூஸ்கானைப் பெரிய படையோடு அனுப்பினார். அடையாறு ஆற்றங்கரையில், சாந்தோம் பக்கம், சில நூறு பிரெஞ்சு வீரர்களும் அவர்களிடம் பயிற்சி எடுத்த சிப்பாய்களும் அந்தப் படையை விரட்டிவிட்டார்கள். வரிசையாக நின்று, கட்டளைக்குச் சுட்டு, மறுபடி நிரப்பிச் சுடுகிற ஒழுங்கு. யானை, குதிரை, எண்ணிக்கை எதுவும் அதன் முன் நிற்கவில்லை.

சரித்திரப் புத்தகத்தில் இது ஒரு வரி. ஆனால் அன்றைக்கு அந்தக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு உலகமே மாறிய நாள். அதுவரைக்கும் கம்பெனிக்காரர்கள் நவாபைக் கெஞ்சுகிறவர்கள். அன்று முதல் நவாபுகளும், நவாபாக ஆசைப்பட்டவர்களும் கம்பெனிக்காரர்களிடம் வரத் தொடங்கினார்கள். உங்கள் சிப்பாய்களைக் கொஞ்சம் கடன் கொடுங்கள் என்று.

இப்போது 1748க்கு வாருங்கள். அந்த ஒரே வருடத்தில் டில்லி பாதுஷா முகமது ஷா இறந்தார், நிஜாம் இறந்தார். தக்காணத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள்: நிஜாமின் மகன் நாசர் ஜங், மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங். சதாரா சிறையிலிருந்து விடுதலையாகி வந்த சந்தா சாகிப் பேரனோடு சேர்ந்துகொண்டார். பேரனுக்கு ஹைதராபாத், எனக்கு ஆற்காடு என்பது கணக்கு. இரண்டு பேருக்கும் தேவை அந்த அடையாற்றுத் துப்பாக்கிகள்.

அதே வருடம் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது. இதைக் கவனியுங்கள், ரொம்ப முக்கியம். சமாதானம் ஆனதும் பாண்டிச்சேரியிலும் சென்னைப் பக்கத்திலும் சண்டைக்காகச் சேர்த்த படைகள் சும்மா உட்கார்ந்திருந்தன. சும்மா இருக்கும் படைக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். கம்பெனிக்குப் பணம் வருவது பிரான்சிலிருந்து கப்பலில் வரும் வெள்ளியில். கப்பல் தாமதமானால் துணி வாங்கக்கூடக் காசு இல்லை. இந்த நிலையில் ஒருவர் வந்து, உன் படையை எனக்குக் கொடு, நானே சம்பளம் தருகிறேன், மேற்கொண்டு நிலமும் தருகிறேன் என்றால் எந்த மேனேஜர் வேண்டாம் என்பார்?

இங்கிலீஷ்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. உண்மையில் இந்த ஆட்டத்தை அவர்களும் அதே சமயத்தில் தொடங்கிவிட்டார்கள். தஞ்சாவூர் அரியணையை இழந்த சாகுஜி என்ற மராட்டிய இளவரசனை மறுபடி அரசனாக்குகிறோம் என்று 1749ல் படையோடு கிளம்பினார்கள். கொள்ளிடம் கழிமுகத்தில் தேவிக்கோட்டை கைக்கு வந்தது. வந்ததும் சாகுஜியை மறந்துவிட்டு, அவருடைய எதிரி பிரதாப் சிங்கோடு சமாதானம் செய்துகொண்டார்கள்! அதே சாகுஜியின் அரியணைக் கஷ்டத்தை வைத்துத்தான் பத்து வருடம் முன்பு 1739ல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பெற்றார்கள். இன்றைக்குக் காரைக்கால் ஏன் புதுச்சேரியோடு இருக்கிறது என்று யாராவது கேட்டால், தஞ்சாவூர் மாமன் மச்சான் சண்டை என்று தாராளமாகச் சொல்லலாம்.

1749 ஆகஸ்ட் 3. ஆம்பூர். சந்தா சாகிப், முசாபர் ஜங், பிரெஞ்சுப் படை மூன்றும் ஒரு பக்கம். அன்வாருதீன் போர்க்களத்திலேயே செத்தார். அவர் மகன் முகமது அலி தப்பித்துத் திருச்சிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். ஜெயித்தவர்கள் பாண்டிச்சேரிக்கு வந்தார்கள். சந்தா சாகிப் நன்றிக்கடனாக வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைக் கம்பெனிக்குக் கொடுத்தார்.

என்னைக் கேட்டால் கதை திரும்பிய இடம் ஆம்பூர்ப் போர்க்களம் இல்லை, இந்தக் கிராமங்கள்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து நடந்ததெல்லாம் மெகா சீரியல் வேகம். சந்தா சாகிப் நேராகத் திருச்சிக்குப் போகாமல், கையில் காசில்லை என்று தஞ்சாவூரை முற்றுகையிட்டுப் பணம் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் நாசர் ஜங் பெரும்படையோடு தெற்கே வந்துவிட்டார். 1750ல் வழுதாவூர்ப் பக்கம் இரண்டு படையும் எதிரெதிரே நின்றபோது, பிரெஞ்சு அதிகாரிகள் பணத் தகராறில் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். முசாபர் ஜங் மாமனிடம் சரணடைந்து விலங்கு மாட்டிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் செப்டம்பரில் புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். டூப்ளே நாசர் ஜங்கோடு இருந்த பட்டாணிய நவாபுகளோடு ரகசியமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். டிசம்பர் 16 அன்று பிரெஞ்சுப் படை நாசர் ஜங்கின் முகாமைத் தாக்கியது. யானை மேல் இருந்த நாசர் ஜங்கை, அவரோடு வந்த பட்டாணியர்களே சுட்டுக் கொன்றார்கள். காலையில் விலங்கோடு இருந்த முசாபர் ஜங் மாலையில் தக்காணத்தின் அதிபதி.

அவர் பாண்டிச்சேரிக்கு வந்துதான் பதவியேற்பைக் கொண்டாடினார். கிருஷ்ணா நதிக்குத் தெற்கே உள்ள நாட்டுக்கெல்லாம் டூப்ளே தன் பிரதிநிதி என்று அறிவித்தார். வழுதாவூர் ஜாகீரும் டூப்ளேவுக்கு. கௌரானின் பதவியேற்பு விழா என்டர்பிரைஸ் கப்பலுக்குள்ளேயே நடந்து, பிக்கார்டுக்குப் பாதி சாம்ராஜ்யத்தை எழுதிவைத்த மாதிரி!

எத்தனை நாள்? இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை. 1751 பிப்ரவரியில் ஹைதராபாத் போகிற வழியில், கடப்பைச் சீமையில், அதே பட்டாணியர்களோடு தகராறு வந்து முசாபர் ஜங் செத்தார். கூடவே போன புஸ்ஸி, கையில் கிடைத்த சலாபத் ஜங்கை அடுத்த நிஜாமாக அறிவித்தார். கீழே திருச்சியில் முகமது அலிக்கு இங்கிலீஷ்காரர் துணை. கிளைவ் 1751ல் ஆற்காட்டைப் பிடித்து சந்தா சாகிப்பின் படையைப் பிரித்தார். 1752 ஜூனில் ஜாக் லா தலைமையிலான பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தது. தஞ்சாவூர்த் தளபதியை நம்பிப் போன சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது.

இந்தக் காலம் முழுக்க, பிரான்ஸ் ராஜாவும் இங்கிலாந்து ராஜாவும் சமாதானத்தில் இருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். இரண்டு கம்பெனியும் தாங்கள் சண்டை போடவில்லை என்றே சொல்லிக்கொண்டன. நாங்கள் எங்கள் நவாபுக்கு ஒத்தாசையாக வந்தோம், அவர்கள் அவர்கள் நவாபுக்கு ஒத்தாசையாக வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று. ரோமுலன்கள் மறைந்துகொண்டு செய்ததை இவர்கள் கொடி பிடித்துக்கொண்டு செய்தார்கள்.

இனி வோர்ஃப். அந்நியர் கப்பலில் வேலை பார்க்கிற, அந்த மண்ணிலேயே பிறந்த ஆள். நம் கதையில் அது ஆனந்தரங்கப் பிள்ளை. 1709ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். 1736 செப்டம்பரில் தொடங்கி சாகும் வரைக்கும் நாட்குறிப்பு எழுதினார், தமிழில். 1747ல் டூப்ளேவின் தலைமைத் துபாஷி ஆனார். துபாஷி என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவில் வியாபாரம், பஞ்சாயத்து, ராஜாங்கக் கடிதம், உளவு எல்லாமே அவர் வழியாகத்தான். ஆற்காட்டிலிருந்து வந்த கடிதம் என்ன சொல்கிறது, அதற்குத் துரை முகம் எப்படிப் போனது, சந்தைக்கடையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அத்தனையும் எழுதி வைத்தார். 1846ல் அந்தக் கையெழுத்துப் பிரதிகள் வெளிச்சத்துக்கு வந்தன. 1904க்கும் 1928க்கும் இடையில் ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', சாகித்ய அகாதெமி விருது வாங்கிய 'வானம் வசப்படும்' இரண்டுக்கும் இந்த நாட்குறிப்புதான் தாய்வீடு.

வோர்ஃப் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். பிள்ளை போகவில்லை. போகவும் முடியாது. அவர் எந்தப் பக்கம் போவது? நாசர் ஜங் பக்கமா, முசாபர் ஜங் பக்கமா? இரண்டும் அவருக்கு மேலேயிருந்து வரி வசூலிக்கிறவர்கள்தான். நடுநிலையாளர் என்றும் அவரைச் சொல்ல மாட்டேன். டூப்ளே ஜெயிக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டவர். முசாபர் ஜங்கிடமிருந்து பட்டமும் செங்கல்பட்டு ஜாகீரும் பெற்றவர். அவருடைய பணமும் மானமும் இந்த ஆட்டத்தில்தான் இருந்தன.

ஆனாலும் அவருடைய அதிகாரத்துக்கு எல்லை எது என்பது 1748 செப்டம்பரில் தெரிந்துவிட்டது. இங்கிலீஷ் கப்பல்படை பாண்டிச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம். அந்தக் களேபரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, பாதிரிமார் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். பாதிரிமார்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. டூப்ளேவின் மனைவி ழான், இதே ஊரில் பிறந்து தமிழ் பேசத் தெரிந்தவர், அதற்கு ஆதரவாக நின்றார். துபாஷிகளிலேயே பெரிய துபாஷியால் எழுத மட்டும்தான் முடிந்தது. இன்றைக்கு மகாத்மா காந்தி வீதியில் இருக்கும் வேதபுரீசுவரர் கோயில் பிற்பாடு வேறு இடத்தில் கட்டியது.

அடுத்த வருடம் அதே டூப்ளே ஆம்பூர் வெற்றியைக் கொண்டாடுகிறார். பிள்ளை அதையும் எழுதுகிறார். இரண்டையும் ஒரே ஆள், ஒரே மையில் எழுதியிருக்கிறார். வோர்ஃபின் வேதனை ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. இவருடையது இருபத்தைந்து வருட நாட்குறிப்பு.

இப்போது அந்தக் கிராமங்களுக்கு வருகிறேன். மறந்துவிடவில்லை :-)

துய்மா அடைக்கலம் கொடுத்தது ஒரு படி. சந்தா சாகிப்புக்குச் சிப்பாய் கொடுத்தது அடுத்த படி. அதற்குக் கூலியாக நிலம் வாங்கியது அதற்கும் அடுத்த படி. அதன் பிறகு தாங்களே நவாபின் மேல் நவாபாக உட்கார்ந்தது. ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரம்தான். யாரும் ஒரே நாளில் கப்பலை விட்டு இறங்கி, இந்த நாட்டைப் பிடிப்போம் என்று கிளம்பவில்லை.

எந்தப் படியில் நின்றிருக்கலாம்? நிறைய பேர் சிப்பாய் கொடுத்த படியைச் சொல்வார்கள். நான் கூலி வாங்கிய படியைச் சொல்வேன். நிலத்தை யார் கொடுத்தார்? சந்தா சாகிப். சந்தா சாகிப் நவாபாக இருக்கும் வரைக்கும்தான் அந்தப் பட்டா செல்லும். அவர் தோற்றால் நிலமும் போகும். ஆக அவர் தோற்கக் கூடாது. அவர் தோற்காமல் இருக்க இன்னும் படை வேண்டும். படைக்குச் சம்பளம் வேண்டும். சம்பளத்துக்கு இன்னும் நிலம் வேண்டும். அந்த நிலத்தையும் அவரேதான் எழுதிக் கொடுக்க வேண்டும். முகமது அலிக்கும் இங்கிலீஷ்காரருக்கும் இடையில் அச்சு அசலாக இதே கணக்கு. 1751லிருந்து 1754 வரை திருச்சியைச் சுற்றி அத்தனை படைகள் மாறி மாறி முகாம் போட்டுக் கிடந்தது ஏன் என்றால், இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்தினால் கடன் திரும்பாது.

பிக்கார்ட் நல்லவர் என்பதால் தலையிடாமல் இருந்தார் என்று தொடர் சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையில் அவரும் முழுக்கக் கைகழுவியவர் இல்லை. கிளிங்கான் வாரிசுத் தகராறில் தீர்ப்புச் சொல்லும் நடுவராக இருந்து, டோரலுக்கு உரிமை இல்லை என்று சொன்னதே அவர்தான். ஆனால் கௌரான் ஜெயித்தால் பிக்கார்டுக்கு ஒரு கிராமம் கிடைக்காது, தோற்றால் ஒரு மாதச் சம்பளம் நிற்காது. அதனால்தான் அவரால் எல்லைக்கோட்டில் நிற்க முடிந்தது. கூலி வாங்கியவன் நடுவராக இருக்க முடியாது. விதியை விட அதுதான் அவரைக் காப்பாற்றியது.

கடைசியில் யார் என்ன பெற்றார்கள்? பாரிஸில் இருந்த கம்பெனி டைரக்டர்களுக்கு வேண்டியது லாபம், நவாப் பட்டம் இல்லை. 1754 ஆகஸ்டில் கொதெயூ என்பவரை அனுப்பி டூப்ளேவைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அக்டோபரில் கப்பலேறினார். சொந்தப் பணத்தைப் போட்டேன், திருப்பிக் கொடுங்கள் என்று கம்பெனியோடு வழக்காடியே 1763ல் பாரிஸில் செத்தார். பிள்ளைக்கு 1756ல் பதவி போனது. 1761 ஜனவரி 12 அன்று அவர் இறந்தார். நான்கே நாளில், ஜனவரி 16 அன்று, பாண்டிச்சேரி இங்கிலீஷ்காரர்களிடம் விழுந்தது. கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்கும் பிரெஞ்சுத் தெருக்கள் 1765க்குப் பிறகு திரும்பக் கட்டியவை. அந்த வேலையைத் தொடங்கிய கவர்னர் யார் தெரியுமா? ஸ்ரீரங்கத்தில் சரணடைந்த ஜாக் லாவின் சகோதரர், ழான் லா.

ஜெயித்த முகமது அலி? அவர் கதைதான் இருப்பதிலேயே சோகம். 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரான்ஸ் ராஜாவும் இங்கிலாந்து ராஜாவும் சேர்ந்து, முகமது அலிதான் கர்நாடகத்தின் முறையான நவாப், சலாபத் ஜங்தான் தக்காணத்தின் முறையான சுபேதார் என்று ஒரு ஷரத்தாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பாரிஸில் உட்கார்ந்துகொண்டு ஆற்காட்டுக்கு வாரிசுத் தீர்ப்பு! இதில் வேடிக்கை, அதற்கு முன்பே சலாபத் ஜங்கை அவருடைய தம்பி நிஜாம் அலி இறக்கிவிட்டார். முகமது அலி சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு, இங்கிலீஷ்காரருக்குப் பட்ட கடனிலேயே வாழ்ந்து 1795ல் இறந்தார். அந்தக் கடன் பற்றி 1785ல் லண்டன் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் பேசிய பேச்சு பிரசித்தம். 1801ல் இங்கிலீஷ் கம்பெனி கர்நாடகத்தையே எடுத்துக்கொண்டது. தோற்றவருக்குத் தலை போனது, ஜெயித்தவருக்கு நாடு போனது.

கௌரான் பிக்கார்டிடம் படை கேட்டு, பிக்கார்ட் சரி என்று சொல்லியிருந்தால் அவர் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். உதவி கிடைக்கவில்லை என்று அன்று ஆத்திரப்பட்டார். ஆனால் கிடைக்காததால்தான் கடைசியில் அவருடைய சபை அவருடையதாகவே இருந்தது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைப்பவர்கள் பாண்டியிலிருந்து விழுப்புரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். வில்லியனூர் வரைக்கும் புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் திருபுவனை, மதகடிப்பட்டு, மறுபடி புதுச்சேரி. அதைத் தாண்டினால் வளவனூர், மறுபடி தமிழ்நாடு. போர்டு பார்க்கத் தேவையில்லை, பெட்ரோல் விலையும் பிராந்திக் கடையும் சொல்லிவிடும். வெளியூரிலிருந்து வரும் நண்பர்கள் எல்லாரும் கேட்பது, யார் இப்படிக் கிறுக்கிய கோடு இது என்று.

ஒரே ஆள் கிறுக்கியது இல்லை. சந்தா சாகிப் கூலியாகக் கொடுத்தது, சண்டையில் போனது, 1783 ஒப்பந்தத்தில் வில்லியனூர், பாகூர் என்று பெயர் சொல்லிக் கேட்டு மறுபடி வாங்கியது என்று பேரத்தின் மேல் பேரமாக விழுந்த கோடு. 1754 அக்டோபரில் டூப்ளே கப்பலேறினார். 1954 நவம்பர் 1ல் பிரெஞ்சு நிர்வாகமே கிளம்பிப் போனது, சரியாக இருநூறு வருடம். டூப்ளே தெரு என்று இருந்தது நேரு வீதி ஆனது. ரங்கப்பிள்ளை வீதியில் பிள்ளையின் வீடு இன்னும் இருக்கிறது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள், புஸ்ஸி பிடித்தாரே அதே செஞ்சி. கோடு மட்டும் அப்படியே கிடக்கிறது. அதன் இரண்டு பக்கமும் ஒரே நெல், ஒரே கரும்பு, ஒரே தமிழ். ரேஷன் கார்டு மட்டும் வேறு.